எஞ்சின் எச்சரிக்கை விளக்கு

எஞ்சின் எச்சரிக்கை விளக்கு என்பது மகிழுந்து, சிறு சரக்குந்து முதலிய தானுந்துகளில் ஓட்டுநரின் முன்னுள்ள அளவிப் பலகையில் அமைந்திருக்கும் மஞ்சள் நிற அடையாள விளக்கு ஆகும். எஞ்சினின் வடிவக் கோட்டுப்படம் இதன் குறியாகும். எஞ்சினையோ அதன் புகைக் கட்டுப்பாட்டு அமைப்பையோ சேர்ந்த ஓர் உறுப்பு ஒழுங்காக இயங்கவில்லை என்று வண்டியின் கட்டுப்பாட்டுக் கணினி கண்டறியும்போது இவ்விளக்கு எரிகின்றது. பட்டறைகளிலும் பேச்சு வழக்கிலும் இது செக் எஞ்சின் லைட் எனப்படுகின்றது. பழுது எது என்பதை இவ்விளக்கு சொல்வதில்லை. பழுது ஒன்று பதிவாகியுள்ளது என்பதை மட்டுமே அறிவிக்கின்றது.

இவ்விளக்கு எரிவதற்கான காரணங்கள் பெரும்பாலும் எல்லா நாடுகளுக்கும் பொதுவானவை. எனினும் தட்பவெப்பம், புழுதி, எரிபொருள், அந்நாட்டுச் சட்ட விதிகள் ஆகியவற்றைப் பொறுத்து அவற்றின் முதன்மை மாறுபடும். இக்கட்டுரை தமிழ்நாட்டின் விருதுநகர் மாவட்டத்தையும் அதில் அடங்கிய சிவகாசிப் பட்டாசுத் தொழிற்பகுதியையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு அக்காரணங்களை விளக்குகின்றது. வெடிமருந்து கையாளப்படும் பகுதியில் பழுதுற்ற எஞ்சினின் மிகைவெப்பம் உயிர் சார்ந்த செய்தியாகவும் அமைகின்றது.

வரலாறு

எஞ்சினைக் கணினி கட்டுப்படுத்தத் தொடங்கிய பின்னரே இவ்விளக்கு தோன்றியது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1981 ஆம் ஆண்டின் மகிழுந்துகளில் கணினிக் கட்டுப்பாட்டுடன் இத்தகைய விளக்கையும் பரவலாக அறிமுகப்படுத்தியது. காற்று மாசினால் துன்புற்ற கலிபோர்னியா மாநிலம் 1988 ஆம் ஆண்டின் வண்டிகளிலிருந்து, தன் பழுதைத் தானே கண்டறியும் அமைப்பைக் கட்டாயமாக்கியது. ஒரே வகை இணைப்பி, ஒரே வகைக் குறியீடு ஆகியவற்றைக் கொண்ட இரண்டாம் தலைமுறை அமைப்பு 1996 ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் விற்கப்படும் எல்லா மகிழுந்துகளுக்கும் கட்டாயமானது. ஐரோப்பாவில் இது பெட்ரோல் மகிழுந்துகளுக்கு 2001 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது.

இந்தியாவில் 1995 ஏப்ரல் முதல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் மகிழுந்துகளுக்கு வினையூக்கி மாற்றி கட்டாயமாக்கப்பட்டது. ஈயம் வினையூக்கியைக் கெடுத்துவிடும் என்பதால் ஈயமற்ற பெட்ரோலும் அப்போதே அறிமுகமானது. 2000 ஆம் ஆண்டில் அது நாடு முழுவதற்கும் விரிவடைந்தது. பாரத் நிலை 4 விதிகளின்கீழ் 2010 ஏப்ரலில் முதற்கட்டத் தற்கண்டறி அமைப்பும் 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்ட அமைப்பும் கட்டாயமாயின. நாடு முழுவதற்குமான பாரத் நிலை 4 விதி 2017 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. பின்னர் நிலை 5 தவிர்க்கப்பட்டு, 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் நிலை 6 நடைமுறையானது. அதன் இரண்டாம் கட்டம் 2023 ஏப்ரலில் தொடங்கியது. நிலை 6 வண்டிகளுள் இருசக்கர ஊர்திகளிலும் இவ்விளக்கு உண்டு.

இதனால் மாவட்டத்தில் ஓடும் வண்டிகள் ஒரே தன்மையின அல்ல. பெருநகரங்களுக்கு வெளியே 2010க்குப் பின்னரும் சில ஆண்டுகள் நிலை 3 வண்டிகள் விற்கப்பட்டன. அத்தகைய வண்டிகளில் விளக்கு இருந்தாலும், இன்றைய பொதுக் குறியீடுகள் முழுமையாக இல்லாதிருக்கலாம்.

இயங்கும் முறை

எஞ்சினில் நுழையும் காற்றின் அளவு, குளிர்நீரின் வெப்பநிலை, தண்டுகளின் சுழற்சி, கழிவு வளிமத்தில் எஞ்சியிருக்கும் ஆக்சிசன் முதலியவற்றை உணரிகள் அளந்து கணினிக்கு அனுப்புகின்றன. கணினி அவற்றைக் கொண்டு எரிபொருளின் அளவையும் தீப்பொறி எழும் நேரத்தையும் முடிவுசெய்கின்றது. ஓர் உணரியின் அளவு எதிர்பார்த்த எல்லைக்குள் இல்லையெனினும், இரு உணரிகளின் அளவுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லையெனினும் கணினி அதனைப் பழுதெனக் கருதும்.

ஒரு முறை தோன்றி மறையும் குறைக்காக விளக்கு எரிவதில்லை. பல பழுதுகளுக்கு, அடுத்தடுத்த இரண்டு பயணங்களில் அதே குறை காணப்பட்டால் மட்டுமே விளக்கு எரியும். பழுது நீங்கியபின் பொதுவாக மூன்று பயணங்களில் குறை காணப்படாவிடின் விளக்கு தானாகவே அணையும். ஆயினும் குறியீடு சில காலம் நினைவகத்தில் தங்கியிருக்கும். பழுது நேர்ந்த நொடியில் வண்டியின் வேகம், எஞ்சின் வெப்பநிலை, சுமை ஆகியவை என்னவாக இருந்தன என்பதும் ஒரு நிழற்படம் போலப் பதிந்திருக்கும். பழுதுபார்ப்பவருக்கு இது மிகவும் பயன்படும்.

ஓட்டுநரின் இருக்கைக்கு முன்னே, சுக்கான் சக்கரத்தின் கீழ்ப்பகுதியில் 16 முனைகளைக் கொண்ட இணைப்பி இருக்கும். இதில் ஸ்கேனர் எனப்படும் வாசிப்புக் கருவியைப் பொருத்திக் குறியீட்டை அறியலாம். குறியீடு ஓர் எழுத்தும் நான்கு இலக்கங்களும் கொண்டது. எஞ்சினையும் பல்லிணைப் பெட்டியையும் சார்ந்த குறியீடுகள் பி என்னும் எழுத்தில் தொடங்கும். அடுத்த இலக்கம் சுழியாயின் அது எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவானது. ஒன்றாயின் அந்த நிறுவனத்துக்கே உரியது. மூன்றாம் இடத்திலுள்ள இலக்கம் அமைப்பின் வகையைக் குறிக்கும். 1, 2 ஆகியவை காற்று-எரிபொருள் அமைப்பையும், 3 எரியூட்டலையும், 4 புகைக் கட்டுப்பாட்டையும் சுட்டும்.

நிலையாக எரிதலும் மினுக்கலும்

சாவியைத் திருப்பியவுடன் விளக்கு எரிந்து, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைவது இயல்பானது. விளக்கு பழுதின்றி உள்ளதைக் காட்டவே அது எரிகின்றது. சாவியைத் திருப்பும்போது எரியவே எரியாத விளக்கும் ஒரு பழுதே ஆகும். பழைய வண்டி வாங்குவோர் இதனைக் கவனித்தல் வேண்டும். பழுதை மறைப்பதற்காக விளக்கைத் துண்டித்து விற்பதும் உண்டு.

ஓடும்போது விளக்கு நிலையாக எரிந்தால், வண்டியின் இயக்கத்தில் வேறு மாற்றம் தெரியாதவரை மெதுவாக ஓட்டிச் சென்று சில நாள்களுக்குள் சோதிக்கலாம். விளக்கு மினுக்கினால் நிலைமை வேறு. உருளைகளில் எரிபொருள் எரியத் தவறுகின்றது என்பதும், எரியாத எரிபொருள் வினையூக்கி மாற்றியை அழிக்கும் அளவுக்குச் செல்கின்றது என்பதும் அதன் பொருள். வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்துதல் வேண்டும்.

சிவப்பு நிறத்தில் எரியும் எண்ணெய் அழுத்த விளக்கும் வெப்ப விளக்கும் இதனினும் வேறானவை. அவை எரிந்தால் எஞ்சினை உடனே அணைத்தல் வேண்டும்.

பொதுவான காரணங்கள்

ஆக்சிசன் உணரி. வெளியேற்றுக் குழாயில் பொருத்தப்பட்டுள்ள இது, கழிவு வளிமத்தில் எஞ்சிய ஆக்சிசனைக் கொண்டு கலவை செறிவானதா மெலிந்ததா என்று காட்டும். பரவலாக உள்ள சிர்க்கோனியா வகை உணரியின் மின்னழுத்தம் ஏறத்தாழ 0.1 முதல் 0.9 வோல்ட்டு வரை மாறிமாறி அமையும். கரி படிதல், எண்ணெய் எரிதல், உள்ளிருக்கும் சூடாக்கி அறுபடுதல் ஆகியவற்றால் இது கெடும். கெட்ட உணரியுடன் ஓடும் வண்டி எரிபொருளை மிகுதியாகக் குடிக்கும்.

தீப்பொறிச் செருகியும் சுருளும். பட்டறை வழக்கில் பிளக், காயில் எனப்படும் இவை தேய்ந்தால் தீப்பொறி நலிந்து, எரிதவறல் நேரும். பட்டறையில் இதனை மிஸ்ஸிங் என்பர். பி0300 என்பது பல உருளைகளில் எரிதவறலையும், பி0301 முதலானவை குறிப்பிட்ட உருளையில் எரிதவறலையும் காட்டும். ஐயத்திற்குரிய சுருளை அடுத்த உருளைக்கு மாற்றிப் பொருத்தியபின் குறியீடும் அவ்வுருளைக்கு மாறினால், குறை சுருளிலேயே என்பது செலவின்றித் தெளிவாகும்.

காற்று அளவி உணரியும் காற்று வடிகட்டியும். எஞ்சினுள் செல்லும் காற்றை அளக்கும் உணரியின் மெல்லிய கம்பியில் புழுதி படிந்தால் அளவு பிழைபடும். வடிகட்டி அடைபட்டாலும், சரியாகப் பொருந்தாமல் இடைவெளி இருந்தாலும் இதே விளைவு ஏற்படும்.

காற்றுக் கசிவு. உறிஞ்சு குழாய்களில் உள்ள இரப்பர் வெயிலாலும் எஞ்சின் வெப்பத்தாலும் வெடித்து, அளவியைக் கடக்காத காற்று உட்புகும். கலவை மெலியும். பி0171 என்னும் குறியீடு பெரும்பாலும் இதனால் எழுகின்றது.

வினையூக்கி மாற்றி. கார்பன் மோனாக்சைடு, எரியாத ஐதரோகார்பன், நைதரசன் ஆக்சைடுகள் ஆகிய மூன்றையும் தீங்கு குறைந்த வளிமங்களாக மாற்றும் உறுப்பு இது. இதன் முன்னும் பின்னும் உள்ள உணரிகளின் அளவுகளை ஒப்பிட்டுக் கணினி இதன் திறனை மதிப்பிடும். பி0420 திறன் குறைவைக் காட்டும் குறியீடாகும். மாற்றி தானாகக் கெடுவது அரிது. நீண்ட நாள் எரிதவறல், எண்ணெய் எரிதல் போன்ற வேறு பழுதே அதனைக் கெடுக்கும். மூலப் பழுதை நீக்காமல் விலைமிக்க மாற்றியை மட்டும் மாற்றினால் புதியதும் விரைவில் கெடும்.

வெப்பநிலைக் கட்டுப்படுத்தி. தெர்மோஸ்டாட் எனப்படும் இவ்வடைப்பான் திறந்தநிலையில் சிக்கிக்கொண்டால் எஞ்சின் தனக்குரிய வெப்பத்தை அடையாது. பி0128 குறியீடு தோன்றும். வெப்ப நாட்டுக்கு இது தேவையில்லை எனக் கருதி இதனைக் கழற்றிவிடும் வழக்கம் பழைய வண்டிகளில் இருந்தது. கணினி கட்டுப்படுத்தும் எஞ்சினில் அவ்வாறு செய்தால் எஞ்சின் இன்னும் குளிர்ந்தே உள்ளதென்று கணினி கருதி எரிபொருளை மிகுதியாகச் செலுத்தும்.

மின்கலமும் கம்பிகளும். தளர்ந்த முனை, வலுவிழந்த மின்கலம், கணக்கின்றிச் சேர்க்கப்பட்ட விளக்குகளும் ஒலிபெருக்கிகளும் மின்னழுத்தத்தைக் குலைத்துப் பொருந்தாத குறியீடுகள் பலவற்றை ஒரே நேரத்தில் எழுப்பும். நெடுநாள் நிறுத்தி வைத்த வண்டியில் எலிகள் கம்பிகளைக் கடித்துவிடுவதும் இந்தியாவில் அடிக்கடி காணப்படும் காரணமாகும்.

எரிபொருள். நீர் கலந்த அல்லது கலப்படப் பெட்ரோல் எரிதவறலை உண்டாக்கும். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2023 பிப்ரவரி முதல் விற்பனைக்கு வந்தது. தூய பெட்ரோலின் ஒரு பங்கு எரிய எடை அளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவை. எத்தனாலுக்கு ஏறத்தாழ 9 பங்கே போதும். ஆகவே எத்தனால் கலந்த எரிபொருளைச் சற்று மிகுதியாகச் செலுத்தவேண்டும். ஆக்சிசன் உணரியைக் கொண்டு கணினி இதனைச் சரிசெய்யும். முன்னரே சிறு காற்றுக் கசிவோ அடைபட்ட உட்செலுத்தியோ உள்ள பழைய வண்டியில் இத்திருத்தம் எல்லையைக் கடந்து விளக்கு எரியக்கூடும். எத்தனால் நீரை ஈர்க்கும் இயல்புடையது என்பதால் நெடுநாள் ஓடாத வண்டியின் தொட்டியில் எரிபொருள் தேங்கியிருத்தல் நன்றன்று.

டீசல் வண்டிகளுக்கு உரியவை. கழிவு வளிமத்தின் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்கு அனுப்பும் அடைப்பானில் கரி படிதல், புகைக்கரி வடிகட்டி அடைபடுதல் ஆகியவை முதன்மையான காரணங்கள். யூரியாக் கரைசல் பயன்படுத்தும் வண்டிகளில் அக்கரைசல் தீர்தலும் அதன் தரம் குறைதலும் எச்சரிக்கையை எழுப்பும். வயலுக்கு இடும் யூரியாவை நீரில் கரைத்து ஊற்றினால் அதிலுள்ள மாசுகள் வினையூக்கியைக் கெடுத்துவிடும்.

எரிபொருள் மூடி பற்றிய கருத்து

எரிபொருள் தொட்டியின் மூடி தளர்ந்திருப்பதே இவ்விளக்கு எரிவதற்கு முதற்காரணம் என்ற செய்தி பரவலாகக் கூறப்படுகின்றது. இது அமெரிக்க வண்டிகளுக்குப் பெரிதும் பொருந்தும். அங்குத் தொட்டியிலிருந்து ஆவி கசிகின்றதா என்பதைக் கணினி சோதிக்கவேண்டும் என்பது விதியாகும். இந்திய விதிகள் ஐரோப்பிய விதிகளைப் பின்பற்றியவை. அவற்றின்படி ஆவியைக் கட்டுப்படுத்தும் அடைப்பானின் மின்னிணைப்பு சரியாக உள்ளதா என்பதைச் சோதித்தாலே போதும். ஆகவே இந்தியாவில் விற்கப்படும் பெரும்பாலான மகிழுந்துகளில் தளர்ந்த மூடியால் விளக்கு எரிவதில்லை. மூடியை இறுக்கிவிட்டு, விளக்கு அணையும் என்று நாள்கணக்கில் காத்திருப்பது உண்மையான பழுதை வளர விடுவதாகும்.

விருதுநகர் மாவட்டச் சூழல்

விருதுநகர் மாவட்டம் 1985 ஆம் ஆண்டில் பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44 விருதுநகர், சாத்தூர் வழியாகச் செல்கின்றது. மாவட்டத்தின் பெரும்பகுதி மழை குறைந்த கரிசல் நிலமாகும். கோடையில் கரிசல் மண் பிளந்து நுண்ணிய புழுதியாகக் கிளம்பும். மண்சாலைகளில் முன்செல்லும் சரக்குந்தின் பின்னே ஓடும் வண்டியின் வடிகட்டி, தயாரிப்பாளர் குறித்த தொலைவுக்கு முன்பே அடைபட்டுவிடும். புழுதி மிகுந்த பகுதிகளில் வடிகட்டியை முன்னதாகவே மாற்றவேண்டும் என்று வண்டிக் கையேடுகளும் கூறுகின்றன. வடிகட்டியை மிகுந்த அழுத்தமுள்ள காற்றால் ஊதித் துப்புரவு செய்தால் தாளில் நுண்துளைகள் ஏற்பட்டுப் புழுதி உட்செல்லும்.

வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் திசம்பர் வரை நிலைமை மாறுகின்றது. கோடை வெயிலில் வெடித்த இரப்பர் உறைகளின் வழியே நீர் புகுந்து இணைப்பிகளில் பச்சை படியும். முதல் மழையில் பல வண்டிகளில் விளக்கு எரிவதற்கு இது ஒரு காரணமாகும். எஞ்சின் அறையை நேரடியாக நீர் பீய்ச்சிக் கழுவுவதாலும் இதே விளைவு ஏற்படும்.

அச்சகம், தீப்பெட்டி ஆலை, பட்டாசு ஆலை, கிடங்கு என ஊருக்குள்ளேயே குறுந்தொலைவு ஓடி ஓடி நிற்பது சிவகாசி வண்டிகள் பலவற்றின் நாள்முறையாகும். இத்தகைய ஓட்டம் டீசல் வண்டியின் புகைக்கரி வடிகட்டிக்கு உகந்ததன்று. வடிகட்டியில் சேரும் கரி, ஏறத்தாழ 600 பாகை செல்சியசு வெப்பத்தில் எரிக்கப்பட்டால்தான் நீங்கும். அவ்வெப்பம் அடைய இடைவிடாத ஓட்டம் தேவை. வடிகட்டி நிறைந்து வருகின்றது என்ற அடையாளம் தோன்றியவுடன், கையேட்டில் கூறியுள்ளபடி நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் சிறிது நேரம் ஓட்டினால் பெரும்பாலும் குறை நீங்கும். பட்டறைச் செலவும் மிஞ்சும்.

பட்டாசுத் தொழிற்பகுதியில் தீ இடர்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, திருவில்லிபுத்தூர் வட்டங்களில் பட்டாசு ஆலைகளும் கிடங்குகளும் பரவியுள்ளன. இந்தியாவின் பட்டாசு உற்பத்தியில் பெரும்பகுதி இங்கிருந்தே வருகின்றது. வெடிபொருள்களைத் தயாரித்தல், சேமித்தல், கொண்டுசெல்லல் ஆகியவை 1884 ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்துக்கும் 2008 ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளுக்கும் உட்பட்டவை. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு இவற்றை நடைமுறைப்படுத்துகின்றது.

இப்பகுதி கொடிய விபத்துகளைக் கண்டது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்த ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2016 அக்டோபர் 20 அன்று சிவகாசி நகரில் பட்டாசுக் கிடங்கில் பற்றிய தீயின் புகை, அருகிலிருந்த மருத்துவப் பரிசோதனை மையத்தில் இருந்தோரின் உயிரையும் பறித்தது. இவ்விபத்துகளுக்கும் இக்கட்டுரையில் கூறப்படும் பழுதுகளுக்கும் தொடர்பில்லை. எனினும் வெடிமருந்துக்கு அருகில் எந்த வெப்ப மூலத்தையும் சிறிதென்று கருதலாகாது என்பதற்கு இவை சான்றாகும்.

வினையூக்கி மாற்றியின் இயல்பான வெப்பநிலை ஏறத்தாழ 400 முதல் 800 பாகை செல்சியசு வரை ஆகும். எரிதவறலின்போது எரியாத பெட்ரோல் மாற்றிக்குள் எரிவதால் வெப்பம் 1000 பாகையைக் கடக்கக்கூடும். காய்ந்த புல்லும் சருகும் ஏறத்தாழ 300 பாகையிலேயே தீப்பற்றக்கூடியவை. மாவட்டத்தின் சாலையோரங்களிலும் தரிசுகளிலும் காய்ந்த புல்லும் சீமைக்கருவேலச் சருகும் மிகுதி. மினுக்கும் விளக்குடன் ஓடிவந்த மகிழுந்தையோ, கரியை எரித்துக்கொண்டிருக்கும் டீசல் வண்டியையோ அவற்றின் மேல் நிறுத்துவது தீக்கு வழிவகுக்கும். அருகில் கிடங்கு இருக்குமாயின் அதன் விளைவைச் சொல்லவேண்டியதில்லை.

ஆகவே இப்பகுதியில் பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தல் நன்று:

* விளக்கு மினுக்கும் வண்டியில் பட்டாசையோ மூலப்பொருளையோ ஏற்றுதல் கூடாது.
* சரக்குடன் செல்லும்போது விளக்கு மினுக்கினால் ஆலை, கிடங்கு, குடியிருப்பு ஆகியவற்றிலிருந்து விலகி, புல்லற்ற வெறுந்தரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்தல் வேண்டும்.
* சரக்கை இறக்காமல் வண்டியைப் பட்டறைக்குள் கொண்டுசெல்லுதல் கூடாது. புகைக்குழாயில் பற்றவைத்தல், அறுத்தல் போன்ற பணிகளில் தீப்பொறி பறக்கும்.
* புகைக்குழாயின் வெப்பத் தடுப்புத் தகடு கழன்றிருந்தால், ஓசைக்காக அதனைக் கழற்றி எறியாமல் மீண்டும் பொருத்துதல் வேண்டும்.
* தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் சரக்குப் போக்குவரத்து மிகும் என்பதால், அதற்கு முன்னரே வண்டிகளைச் சோதித்து வைத்தல் நன்று.

விளக்கு எரிந்தால் செய்யவேண்டியவை

முதலில் விளக்கு நிலையாக எரிகின்றதா, மினுக்குகின்றதா என்று பார்க்கவேண்டும். வேறு சிவப்பு விளக்குகள் எரிகின்றனவா என்றும், எஞ்சின் அதிர்கின்றதா, இழுவை குறைந்துள்ளதா, எரிநாற்றம் வருகின்றதா என்றும் கவனிக்கவேண்டும். அண்மையில் எரிபொருள் நிரப்பியது, மழைநீரில் ஓட்டியது, மின்கலம் மாற்றியது போன்றவற்றைப் பழுதுபார்ப்பவரிடம் கூறினால் காரணத்தை விரைவில் அறியலாம்.

குறியீட்டை அழிப்பதற்கு முன் அதனை எழுதி வைத்துக்கொள்ளுதல் வேண்டும். மின்கலத்தின் இணைப்பைக் கழற்றி விளக்கை அணைப்பது பழுதை நீக்குவதாகாது. பழுது நேர்ந்த நொடியின் பதிவும் அதனால் அழிந்துவிடும். குறியீடு ஒரு சுட்டுதலே அன்றி, மாற்றவேண்டிய உறுப்பின் பெயர் அன்று. எடுத்துக்காட்டாக, ஆக்சிசன் உணரி மெலிந்த கலவையைக் காட்டினால், உணரி தன் கடமையைச் சரியாகச் செய்கின்றது என்றும் பொருள்கொள்ளலாம். குறை காற்றுக் கசிவில் இருக்கக்கூடும். உணரியை மாற்றுவதற்கு முன் குழாய்கள், கம்பிகள், இணைப்பிகள் ஆகியவற்றைக் கண்ணால் பார்த்துச் சோதிக்கவேண்டும். மாற்றிய பழைய உறுப்பைக் கேட்டு வாங்கிக்கொள்வது உரிமையாளருக்குப் பாதுகாப்பானது.

இவற்றையும் பார்க்கவும்

* வினையூக்கி மாற்றி
* பாரத் நிலை மாசு விதிகள்
* தீப்பொறிச் செருகி
* சிவகாசி
* விருதுநகர் மாவட்டம்